அளவறிந்து காத்தவர்

கனடா நாட்டின் அலிஸ்டன் என்னும் ஊரில், 1891ஆம் ஆண்டு நவம்பர் 14ஆம் நாள் பிரெடெரிக் பேண்டிங் பிறந்தார். விவசாயக் குடும்பத்தில் பிறந்த ஐந்து பிள்ளைகளில் அவரே இளையவர். மருத்துவம் பயின்ற அவர், முதல் உலகப் போரில் இராணுவ மருத்துவராகப் பணியாற்றினார்.

அக்காலத்தில் நீரிழிவு நோய் கண்ட சிறுவர்கள் பிழைப்பது அரிது. உணவைப் பெரிதும் குறைப்பதே அன்றைய சிகிச்சை. அதனால், அவர்கள் எலும்பும் தோலுமாக மெலிந்தனர்.

1921ஆம் ஆண்டு டொரோண்டோ பல்கலைக்கழகத்தில், பேராசிரியர் மெக்ளியோட் வழங்கிய ஆய்வுக்கூடத்தில் பேண்டிங் ஆய்வைத் தொடங்கினார். சார்லஸ் பெஸ்ட் என்ற இளைஞர் அவருக்குத் துணைநின்றார். இருவரும் விலங்குகளின் கணையத்திலிருந்து இன்சுலினைப் பிரித்தெடுத்தனர். ஜேம்ஸ் காலிப் அதனைத் தூய்மைப்படுத்தினார். 1922 ஜனவரியில், லெனார்ட் தாம்சன் என்ற சிறுவனுக்கு அம்மருந்து செலுத்தப்பட்டது. முதல் ஊசி போதிய பலன் தரவில்லை. 12 நாள்களுக்குப்பின், தூய்மையான மருந்தைச் செலுத்தியதும் சிறுவன் தேறத் தொடங்கினான்.

ஆயினும், உயிர்காக்கும் அம்மருந்திலும் ஓர் ஆபத்து இருந்தது. இன்சுலின் மிகுந்தபோது முயல்களுக்கு வலிப்பு வந்ததையும், குளுக்கோஸ் செலுத்தியதும் அவை தெளிந்ததையும் காலிப் கண்டார். மனிதருக்கும் அதே நிலை ஏற்பட்டது. ஊசியின் அளவு கூடினாலோ, உணவு தாமதித்தாலோ, இரத்தத்தில் சர்க்கரை அளவுக்குமீறிக் குறைந்தது. மூளை இயங்குவதற்குச் சர்க்கரை தேவை. ஆகவே, சிறுவர்களுக்குக் கை நடுங்கியது, உடல் வியர்த்தது, பசி வாட்டியது. கவனிக்காமல் விட்டால் நினைவும் தப்பியது. அறிகுறி தோன்றியவுடனே ஆரஞ்சுச் சாறோ மிட்டாயோ கொடுத்தால் அவர்கள் தெளிந்தனர். விலக்கி வைத்திருந்த சர்க்கரையே அவர்களுக்கு மருந்தாயிற்று.

1922 ஆகஸ்டில் எலிசபெத் ஹியூஸ் என்ற சிறுமி பேண்டிங்கிடம் சிகிச்சைக்கு வந்தாள். அப்போது அவளது எடை ஏறத்தாழ 20 கிலோகிராம் மட்டுமே. அவள் தனக்குத்தானே ஊசி போடக் கற்றுக்கொண்டாள். படித்துப் பட்டம் பெற்று, 73 வயது வரை வாழ்ந்தாள்.

1923ஆம் ஆண்டு பேண்டிங்கிற்கும் மெக்ளியோட்டிற்கும் நோபல் பரிசு கிடைத்தது. பேண்டிங் தம் பரிசுத்தொகையில் பாதியைப் பெஸ்டுக்கு அளித்தார். 1941இல் விமான விபத்தில் பேண்டிங் காலமானார். அவர் பிறந்த நாளே இன்று உலக நீரிழிவு நாளாக அனுசரிக்கப்படுகிறது. இன்சுலின் போட்டுக்கொள்ளும் மாணவரின் புத்தகப்பையில் இன்றும் ஓர் இனிப்புப் பொட்டலம் இருப்பது நல்லது. அதன் தேவையை உடன் பயிலும் நண்பர்களும் அறிந்திருக்க வேண்டும்.