ஜார்ஜ் கேட்பரி: தோட்டக் கிராமமும் தொலைதூரத் தீவும்

பெரு நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு குறித்து இன்று உலகெங்கும் பேசப்படுகிறது. ஆண்டறிக்கைகளில் அதற்கென்று தனி அத்தியாயமே ஒதுக்கப்படுகிறது. ஆனால் அந்தச் சொற்றொடர் புழக்கத்துக்கு வருவதற்குப் பல பத்தாண்டுகள் முன்பே, அதன் சிறப்பையும் அதன் சிக்கலையும் ஒருசேரச் சந்தித்தவர் பிரிட்டனின் சாக்லெட் உற்பத்தியாளர் ஜார்ஜ் கேட்பரி.

1839ஆம் ஆண்டு செப்டம்பர் 19ஆம் தேதி, பர்மிங்ஹாம் நகரில் அவர் பிறந்தார். அவரது குடும்பம் குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தது. எளிய வாழ்க்கை, போர் எதிர்ப்பு, அடிமை முறை எதிர்ப்பு ஆகியவை அப்பிரிவினரின் அடிப்படை நெறிகள். ஆக்ஸ்ஃபோர்ட், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகங்களின் கதவுகள் நெடுங்காலம் அவர்களுக்கு மூடப்பட்டிருந்ததால், குவேக்கர்களில் பலர் வணிகத்தை நாடினர். ஜார்ஜின் தந்தை ஜான் கேட்பரி 1824ஆம் ஆண்டில் பர்மிங்ஹாமில் தேயிலை, காப்பி, கொக்கோ ஆகியவற்றை விற்கும் கடையைத் திறந்தார். மதுவுக்கு மாற்றாக மக்கள் அருந்தக்கூடிய பானம் என்ற வகையிலும் கொக்கோ அக்குடும்பத்துக்கு உகந்த சரக்காக இருந்தது.

நலிந்த தொழிலின் மீட்சி

1861ஆம் ஆண்டில் ஜார்ஜும் அண்ணன் ரிச்சர்டும் பொறுப்பேற்றபோது, தொழில் ஏறக்குறைய மூடும் நிலையில் இருந்தது. தாயின் வழியில் கிடைத்த தலா 4,000 பவுண்ட் பணத்தை இருவரும் அதில் போட்டனர். சில ஆண்டுகள் கடும் சிக்கனத்தில் கழிந்தன.

திருப்பம் 1866ஆம் ஆண்டில் வந்தது. அக்காலத்தில் கொக்கோவின் கொழுப்பை மறைக்க மாவுப் பொருட்களைக் கலப்பது வழக்கம். டச்சுக்காரர்கள் உருவாக்கிய அழுத்து இயந்திரத்தை வாங்கிய சகோதரர்கள், கொழுப்பின் பெரும்பகுதியைப் பிழிந்தெடுத்து, கலப்படமற்ற கொக்கோத் தூளை விற்கத் தொடங்கினர். 1870களில் பிரிட்டனில் உணவுக் கலப்படத்துக்கு எதிரான சட்டங்கள் கடுமையாக்கப்பட்டபோது, இந்தத் தூய்மையே அவர்களின் மிகப் பெரிய விளம்பரமாயிற்று. நேர்மையும் இலாபமும் ஒரே திசையில் செல்ல முடியும் என்ற நம்பிக்கை ஜார்ஜிடம் வேரூன்றியது இந்த அனுபவத்தால்தான் என்று கருதலாம்.

போர்ன்வில் கிராமம்

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் ஏழைத் தொழிலாளர்களுக்கு எழுத்தறிவு புகட்டும் முதியோர் பள்ளியில் அவர் சுமார் அரை நூற்றாண்டுக் காலம் பணியாற்றினார். நெரிசலும் நோயும் நிறைந்த நகரக் குடியிருப்புகளை நேரில் கண்டது அங்கிருந்துதான். குடியிருப்பைச் சீர்செய்யாமல் மனிதர்களைச் சீர்செய்ய இயலாது என்ற முடிவுக்கு அவர் வந்தார்.

1879ஆம் ஆண்டில் தொழிற்சாலை நகரின் நடுவிலிருந்து, தெற்கே சில மைல் தொலைவிலிருந்த வயல்வெளிக்கு மாற்றப்பட்டது. அந்த இடத்துக்குப் போர்ன்வில் என்று பெயரிடப்பட்டது. விளையாட்டுத் திடல்கள், சனிக்கிழமை அரைநாள் விடுப்பு, பின்னாளில் ஓய்வூதிய நிதி என்று தொழிலாளர் நலத் திட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. 1895ஆம் ஆண்டில் அருகிலேயே வீடுகள் கட்டும் பணி தொடங்கியது. ஒவ்வொரு வீட்டுக்கும் தோட்டம் உண்டு. மனையில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் கட்டடம் எழக்கூடாது என்பது விதி. கேட்பரி ஊழியர்களுக்கு மட்டுமன்றி மற்றவர்களுக்கும் அங்கு இடம் கிடைத்தது.

1900ஆம் ஆண்டில், சுமார் 330 ஏக்கர் நிலத்தையும் 313 வீடுகளையும் ஓர் அறக்கட்டளைக்கு அவர் எழுதிக் கொடுத்தார். வாடகை வருவாய் தன் குடும்பத்துக்குச் சேராமல், கிராமத்தின் வளர்ச்சிக்கே செல்ல வேண்டும் என்பது ஏற்பாடு.

எனினும் இந்தப் பரிவுக்குள் கட்டுப்பாடும் இருந்தது. கிராமத்தில் மதுக்கடைக்கு இடமில்லை. திருமணமான பெண்கள் தொழிற்சாலை வேலையை விட்டு விலக வேண்டியிருந்தது. தொழிலாளியின் நன்மை எது என்பதை முதலாளியே தீர்மானிக்கும் தந்தைவழி மனப்போக்கு இது என்ற விமர்சனம் உண்டு.

சாவோ தோமே தீவு

அவரது வாழ்வின் மிகக் கடுமையான சோதனை போர்ன்வில்லில் எழவில்லை. நூற்றாண்டின் தொடக்கத்தில், நிறுவனம் வாங்கிய கொக்கோவில் ஏறக்குறைய பாதி, ஆப்பிரிக்காவின் மேற்குக் கரைக்கு அப்பால் போர்ச்சுகலின் ஆளுகையில் இருந்த சாவோ தோமே, பிரின்சிப்பே தீவுகளிலிருந்து வந்தது. அடிமை முறை சட்டப்படி ஒழிக்கப்பட்டிருந்தாலும், அங்கோலாவில் பிடித்து விற்கப்பட்டவர்கள் ஐந்தாண்டு ஒப்பந்தம் என்ற பெயரில் அங்கு கொண்டுசெல்லப்பட்டனர். ஒப்பந்தம் முடிந்து ஊர் திரும்பியவர் ஏறக்குறைய எவருமில்லை.

1901ஆம் ஆண்டில் இந்தச் செய்தி ரிச்சர்டின் மகன் வில்லியம் கேட்பரியின் காதுக்கு எட்டியது. விற்பனைக்கு வந்த ஒரு தோட்டத்தின் சொத்துப் பட்டியலில் தொழிலாளர்களும் விலையோடு சேர்க்கப்பட்டிருந்தனர். நிறுவனம் விசாரணையில் இறங்கியது. 1905ஆம் ஆண்டில் ஜோசப் பர்ட் என்பவர் அனுப்பப்பட்டார். முதலில் போர்ச்சுகீசிய மொழியைக் கற்றுக்கொண்டு, பிறகு தீவுகளுக்கும் அங்கோலாவுக்கும் சென்று, 1907ஆம் ஆண்டில் அவர் அறிக்கை அளித்தார். இதற்குள் செய்தியாளர் ஹென்றி நெவின்சன் இதே உண்மைகளை உலகறிய எழுதிவிட்டிருந்தார். பிரிட்டிஷ் வெளியுறவுத் துறையோ பொறுமை காக்கக் கோரியது. வாங்குபவராக இருக்கும்வரைதான் போர்ச்சுகலை நெருக்க முடியும் என்பது நிறுவனத்தின் வாதம். கொள்முதல் தொடர்ந்தது.

ஜார்ஜ் கேட்பரி 1901ஆம் ஆண்டு முதல் டெய்லி நியூஸ் நாளேட்டின் உரிமையாளராகவும் இருந்தார். தென்னாப்பிரிக்கச் சுரங்கங்களில் சீன ஒப்பந்தத் தொழிலாளர்கள் நடத்தப்பட்ட விதத்தை அந்த ஏடு வன்மையாகச் சாடியது. சீனர்களுக்காக வருந்துபவர் தன் கொக்கோவைப் பயிரிடும் ஆப்பிரிக்கர்களைக் காணவில்லையா என்று 1908ஆம் ஆண்டில் ஸ்டாண்டர்ட் என்ற எதிரணி ஏடு கேட்டது. நிறுவனம் அவதூறு வழக்குத் தொடுத்தது.

1909ஆம் ஆண்டு மார்ச் மாதம் கேட்பரி, ஃபிரை, ரவுன்ட்ரீ நிறுவனங்கள் அத்தீவுகளின் கொக்கோவைப் புறக்கணிப்பதாக அறிவித்தன. ஆண்டின் இறுதியில் பர்மிங்ஹாமில் வழக்கு விசாரிக்கப்பட்டது. ஜூரி கேட்பரிக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. ஆனால் இழப்பீடாக வழங்கியது ஒரு ஃபார்த்திங், அதாவது ஒரு பென்னியில் கால் பங்கு மட்டுமே. சட்டத்தில் வெற்றி, நன்மதிப்பில் காயம் என்பதே அந்தத் தொகையின் பொருள்.

கொள்முதல் கோல்ட் கோஸ்டுக்கு, அதாவது இன்றைய கானாவின் சிறு விவசாயிகளிடம் திரும்பியது. 1922ஆம் ஆண்டு அக்டோபர் 24ஆம் தேதி ஜார்ஜ் கேட்பரி காலமானார்.

எஞ்சிய கேள்வி

அவர் போலி மனிதர் என்று ஒதுக்கிவிட முடியாது. விசாரணைக்குப் பணம் செலவிட்டதும், இறுதியில் புறக்கணித்ததும் அக்காலத்தில் அரிய செயல்கள். ஆயினும் செய்தி எட்டியதற்கும் கொள்முதல் நின்றதற்கும் இடையே எட்டு ஆண்டுகள் ஓடின. அந்த எட்டு ஆண்டுகளின் விலையைச் செலுத்தியவர்கள் போர்ன்வில்லின் தோட்டங்களில் வாழ்ந்தவர்கள் அல்ல.

போர்ன்வில் அறக்கட்டளை இன்றும் இயங்குகிறது. கேட்பரி நிறுவனம் 2010ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கிராஃப்ட் வசமாயிற்று. இப்போது அது மாண்டலீஸின் பகுதி. கானாவிலும் ஐவரி கோஸ்டிலும் கொக்கோ விளைச்சலில் சுமார் 15 லட்சம் சிறார்கள் ஈடுபட்டிருப்பதாக 2020ஆம் ஆண்டில் வெளியான சிகாகோ பல்கலைக்கழகம் சார்ந்த ஆய்வு மதிப்பிட்டது. தொழிற்சாலையின் வாயிலோடு முதலாளியின் பொறுப்பு முடிகிறதா, விளைநிலம் வரை நீள்கிறதா என்று 1909ஆம் ஆண்டில் பர்மிங்ஹாம் நீதிமன்றத்தில் எழுந்த கேள்விக்கு முழுமையான விடை இன்னும் எழுதப்படவில்லை.