மோட்டார் கொட்டகையில் பிறந்த ரேடியோ நிலையம்

பிராங்க் கான்ராட் பெரிய படிப்பு படித்தவர் அல்ல. 7-ம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவர். ஆனால், ஊருக்கு ஒரு ரேடியோ நிலையம் முளைக்க வழி காட்டியவர்களில் அவர் முக்கியமானவர்.

அமெரிக்காவில் உள்ள பிட்ஸ்பர்க், இரும்பு ஆலைகளுக்குப் பேர்போன நகரம். கான்ராட் அங்கே 1874-ம் ஆண்டு பிறந்தார். 16-வது வயதில் வெஸ்டிங்ஹவுஸ் மின்சாரக் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தார். பட்டறையில் நின்றே தொழில் கற்றார். மின்சார மீட்டர் முதல் பல கருவிகளை உருவாக்கி, என்ஜினீயராக உயர்ந்தார்.

கடிகாரப் பந்தயம்

அவரை ரேடியோவின் பக்கம் இழுத்தது ஒரு பந்தயம். தன் 12 டாலர் கைக்கடிகாரம் சரியாக நேரம் காட்டும் என்று, கூட வேலை பார்த்தவரிடம் 5 டாலர் பந்தயம் கட்டினார். சரியான நேரத்தை எப்படித் தெரிந்துகொள்வது? ஆர்லிங்டன் என்ற இடத்திலிருந்து கடற்படையினர் கம்பியில்லாத் தந்தி மூலம் தினமும் நேரம் அறிவித்து வந்தார்கள். அதைக் கேட்பதற்காகவே கான்ராட் வீட்டில் ஒரு கருவி செய்தார். அந்தப் பித்து அவரை விடவே இல்லை!

வில்கின்ஸ்பர்க் என்ற புறநகரில் அவருடைய வீடு இருந்தது. மோட்டார் நிறுத்தும் கொட்டகையின் மாடியில் கருவிகளை நிரப்பினார். 1916-ல் அரசாங்க அனுமதியும் கிடைத்தது. மறு ஆண்டு அமெரிக்கா உலகப் போரில் இறங்கியது. பொழுதுபோக்குக்காக ரேடியோ வைத்திருந்தவர்கள் எல்லாம் மூடிவிட வேண்டும் என்று உத்தரவு வந்தது. போர் முடிந்த பிறகுதான் மீண்டும் வழி பிறந்தது.

பேசி அலுத்தார்

1919-ம் ஆண்டு. கருவியைச் சோதிப்பதற்காக மைக் முன் பேசிப் பேசி அவருக்கு அலுத்துப்போனது. கிராமபோன் பெட்டியை மைக் அருகே நகர்த்தி வைத்து, ஓர் இசைத்தட்டைச் சுழலவிட்டார்.

அவ்வளவுதான். கடிதங்கள் வந்து குவிந்தன. இன்ன பாட்டு வேண்டும், இன்ன நேரத்தில் வேண்டும் என்று கேட்டார்கள். ஒவ்வொருவருக்கும் பதில் எழுதிக் கட்டாது என்று, புதன், சனி மாலைகளில் 2 மணி நேரம் பாட்டு வைப்பதாக அறிவித்தார். மகன்கள் இருவரும் அறிவிப்பாளர்கள் ஆனார்கள். குடும்பமே ஒரு ரேடியோ நிலையம்!

வீட்டிலிருந்த தட்டுகள் தீர்ந்தன. உள்ளூர் இசைக் கடைக்காரர் கை கொடுத்தார். கடையின் பெயரைச் சொன்னால் போதும், தட்டு இரவல் தருகிறேன் என்றார். ரேடியோவில் ஒலித்த தட்டுகளே கடையில் அதிகம் விற்றன. வானொலி விளம்பரத்தின் கதை ஏறக்குறைய இங்கேதான் தொடங்குகிறது.

1920 செப்டம்பரில் ஒரு பெரிய கடை பத்திரிகையில் விளம்பரம் செய்தது. கான்ராட்டின் பாட்டைக் கேட்க 10 டாலர் முதல் கருவிகள் கிடைக்கும் என்றது. இது கம்பெனி அதிகாரி டேவிஸ் கண்ணில் பட்டது. கருவி விற்பதற்காகவே ஒரு நிலையம் வைத்தால் என்ன என்று அவருக்குத் தோன்றியது. தொழிற்சாலை மாடியில் வேலை மளமளவென்று நடந்தது. அதுதான் கே.டி.கே.ஏ. நிலையம்.

அந்த இரவு

1920 நவம்பர் 2. ஜனாதிபதித் தேர்தல் நாள். பத்திரிகை அலுவலகத்திலிருந்து டெலிபோனில் முடிவுகள் வர வர, ரோசன்பர்க் என்ற கம்பெனி ஊழியர் மைக் முன் வாசித்தார். ஹார்டிங் வென்ற செய்தி, காலைப் பத்திரிகைக்கு முன்பே வீடுகளில் கேட்டது.

கான்ராட் எங்கே? அவர் அந்த மாடியில் இல்லை. புதுக் கருவி நடுவில் மக்கர் செய்தால் என்ன ஆவது? தன் வீட்டுக் கருவியைத் தயாராக வைத்துக்கொண்டு, கொட்டகையிலேயே காத்திருந்தார். தேவைப்படவே இல்லை. தன் ஆசை பலித்த இரவை, காவலுக்கு இருப்பவரைப் போலக் கழித்தார்.

டெட்ராய்ட் முதலிய ஊர்க்காரர்கள், நாங்கள்தான் முதல் என்று வாதாடுவது உண்டு. அந்த வழக்கு தீராது. ஆனால், 2 ஆண்டுக்குள் அமெரிக்காவில் நூற்றுக்கணக்கான நிலையங்கள் தோன்றிவிட்டன. 1924 ஜூலையில் நம் சென்னையிலும் ஒரு ரேடியோ கிளப் ஒலிபரப்பைத் தொடங்கியது.

திரைச்சீலைக் கம்பி

அதே 1924-ல் கான்ராட் லண்டன் போனார். கடல் கடந்து செய்தி அனுப்ப, மிகப் பெரிய நெட்டலை நிலையங்கள் வேண்டும் என்று நிபுணர்கள் நம்பிய காலம். சர்னாப் என்ற ரேடியோ கம்பெனி அதிகாரியை அவர் தன் ஓட்டல் அறைக்கு அழைத்துப் போனார். ஜன்னல் திரைச்சீலை தொங்கும் கம்பியை ஏரியலாக்கி, சிறிய பெட்டி ஒன்றை அதில் இணைத்தார். பிட்ஸ்பர்க் பேசியது! சிற்றலையின் சக்தி அன்று சர்னாப்புக்குப் புரிந்தது. பிற்காலத்தில் இலங்கை வானொலியைத் தேடி நம் வீடுகளில் முள்ளைத் திருகினோமே, அதுவும் சிற்றலைதான்.

200-க்கு மேற்பட்ட காப்புரிமைகள் கான்ராட் பெயரில் பதிவாயின. பள்ளியைப் பாதியில் விட்டவருக்கு 1928-ல் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகம் டாக்டர் பட்டம் அளித்தது. 1941 டிசம்பர் 10-ந் தேதி மயாமியில் காலமானார். அப்போது வயது 67.

அந்தக் கொட்டகை 2001-ல் இடிக்கப்பட்டது. என்றாவது மீண்டும் கட்டலாம் என்று, ரேடியோ அன்பர்கள் அதன் செங்கற்களை எடுத்துப் பத்திரப்படுத்தினார்கள்.