எனக்கெல்லாம் இது செட் ஆகுமா? தயங்கித் தயங்கி நாற்காலியில் உட்கார்ந்த ஓமந்தூரார்!

சென்னை மெட்ரோவில் அரசினர் தோட்டம் ஸ்டேஷனில் இறங்கியிருக்கீங்களா? மேலே வந்தா பிரமாண்டமா ஒரு கட்டடம் நிற்கும். தலைமைச் செயலகத்துக்காகக் கட்டி, பிறகு மருத்துவமனையா மாறியது. ஆட்டோக்காரர்ல இருந்து ஆம்புலன்ஸ் டிரைவர் வரைக்கும் எல்லாருக்கும் அது ஓமந்தூரார் ஹாஸ்பிட்டல். அந்த ஓமந்தூரார் யாருனு கேட்டா பாதிப் பேர் முழிப்பாங்க. நானும் ரொம்ப நாள் முழிச்சவதான். இத்தனைக்கும் எங்க ஊர் பிரம்மதேசம். தமிழ்நாட்டுல இந்தப் பேர்ல நிறைய ஊர் இருக்கு. நான் சொல்றது திண்டிவனத்துல இருந்து மரக்காணம் போற ரோட்டுல வர்ற பிரம்மதேசம். ஓமந்தூர், எங்க ஊர்ல இருந்து பைக்கில் போயிட்டு வர்ற தூரம்தான்.

போன மாசம் ஊருக்குப் போயிருந்தப்போ எதிர்வீட்டுத் தங்கச்சி வந்து உட்கார்ந்தா. ப்ளஸ் டூவில் நல்ல மார்க். சென்னையில் காலேஜ் கிடைக்கிற வாய்ப்பு இருக்கு. அம்மாவும் அப்பாவும் மரக்காணம் உப்பளத்துல வேலை. வெயில் காலம் முழுக்கப் பாத்தியில் உப்பு வாரிக் குவிப்பாங்க, மழை இறங்கினா வேலை இல்லை. அவ பிரச்னை பணம்கூட இல்லை. அங்கே எல்லாரும் இங்கிலீஷ்ல பேசுவாங்களாமே அக்கா, எனக்கெல்லாம் அது செட் ஆகுமானு கேட்டா. எனக்கு உடனே பதில் வரலை. முதல் வேலைக்கு இன்டர்வியூ போனப்போ, என் இங்கிலீஷைக் கேட்டுட்டு எதிரே இருந்தவர் சிரிச்ச சிரிப்பு இன்னும் எனக்குள்ள ஓடிக்கிட்டிருக்கு. அன்னிக்கு ராத்திரிதான் ஓமந்தூராரைப் பற்றித் தேடித்தேடிப் படிக்க ஆரம்பிச்சேன்.

ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் பிறந்தது 1895, பிப்ரவரி 1. திண்டிவனம் வால்டர் ஸ்கடர் பள்ளியில் படித்தார். காலேஜ் பக்கம் போகவில்லை. விவசாயம்தான் தொழில். சின்ன வயதிலேயே காங்கிரஸில் சேர்ந்து, தென்னாற்காடு மாவட்டத்தில் கட்சி வேலை பார்த்து, சுதந்திரப் போராட்டத்தில் சிறைக்கும் போனவர். ஒன்றை இங்கேயே சொல்லிடறேன். அவர் ஏழை இல்லை. நிலபுலன் உள்ள குடும்பம், ஊரில் மரியாதை உள்ள சாதி. உப்பளத் தொழிலாளி வீட்டுப் பிள்ளையின் தயக்கமும் அவர் தயக்கமும் ஒரே எடை இல்லை.

1947-க்கு வருவோம். அப்போ சென்னை மாகாணம்னா இன்றைய தமிழ்நாடு மட்டும் இல்லை. ஆந்திரக் கரையோரம், ராயலசீமா, மலபார், தென் கன்னடம்னு நாலு மொழி பேசுற பெரிய மாகாணம். அதை ஆள்பவருக்குப் பேரே பிரதமர்தான். முதலமைச்சர் என்ற பேர் பிறகு வந்தது. அந்த நாற்காலியில் அதற்கு முன் உட்கார்ந்தவர்களைப் பாருங்க: வக்கீல்கள், ஜமீன் ராஜாக்கள், ஆக்ஸ்ஃபோர்டில் படித்தவர்கள். ராஜாஜி வக்கீல். பிரகாசம் லண்டனில் பாரிஸ்டர் பட்டம் வாங்கியவர். அந்தப் பிரகாசத்தின் அமைச்சரவையே ஒரு வருஷம்கூட நிற்கவில்லை. சொந்தக் கட்சிக்குள்ளேயே எதிர்ப்பு கிளம்பிக் கவிழ்ந்தது. அடுத்தது யார் என்ற கேள்விக்குக் காமராஜர் தரப்பு காட்டிய ஆள் ஓமந்தூரார்.

யாராவது இதை மறுப்பாங்களா? அவர் மறுத்தார். இந்தப் பதவி எனக்கு வேண்டாம் என்று தயங்கினார். ரமண மகரிஷி மேல் அவருக்குப் பெரிய பக்தி. திருவண்ணாமலைக்குப் போய் அவரைப் பார்த்து மனசைத் தெளிவாக்கிக்கிட்ட பிறகுதான் சம்மதித்தார் என்று எங்க பக்கத்துப் பெரியவங்க இன்னும் சொல்வாங்க.

இந்தத் தயக்கம் எங்கே இருந்து வருது? மனநல ஆலோசகர்கள் வழக்கமா நம்ம குழந்தைப் பருவத்துக்குக் கூட்டிட்டுப் போவாங்க. வீட்டில், ஸ்கூலில் திரும்பத் திரும்பக் கேட்ட வார்த்தை, ஒரு கட்டத்தில் நம்ம சொந்தக் குரல் மாதிரியே உள்ளே பேச ஆரம்பிச்சுடும். உனக்கு மேத்ஸ் வராது என்று டீச்சர் சொன்னது, பத்து வருஷம் கழிச்சு எனக்கு மேத்ஸ் வராது என்று மாறியிருக்கும். சொன்னவர் மறந்திருப்பார். அது உண்மைதான். ஆனா பாதி உண்மைனு தோணுது. இன்னொரு பாதி, கண்ணுக்கு முன்னாடி யார் இருக்காங்க என்பதில் இருக்கு. ஆல்பர்ட் பண்டூரா என்ற உளவியல் அறிஞர் 1977-ல் இதைப் பற்றி எழுதினார். என்னால முடியும் என்ற நம்பிக்கை, நாமே செய்து ஜெயித்த அனுபவத்தில் இருந்து வரும். நம்மை மாதிரி ஒருத்தர் செய்வதைப் பார்ப்பதில் இருந்து வரும். மற்றவங்க பேச்சிலிருந்தும், அந்த நேரத்து உடம்பு படபடப்பிலிருந்தும்கூட வரும். ஓமந்தூராருக்கு முன்னால் அந்த நாற்காலியில் அவரை மாதிரி ஒரு விவசாயி இல்லை. பார்த்துப் பழக ஆளே இல்லாத இடத்தில் கால் தயங்குவது குறையா என்ன?

இன்னொரு சந்தேகமும் எனக்கு உண்டு. அவர் தயக்கம் முழுக்கத் தன்மேல் நம்பிக்கை இல்லாததால் வந்ததா? கோஷ்டிச் சண்டையில் ஒரு பாரிஸ்டரே சாய்ந்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தவர் அவர். யோசிக்காம தலையாட்டியிருந்தாதான் ஆச்சர்யம். என்னால முடியாது என்பதும், இந்த இடம் என்னை நேர்மையா வேலை செய்ய விடுமா என்பதும் வேற வேற கேள்வி. வெளியில் இருந்து பார்க்க ரெண்டும் தயக்கம் மாதிரிதான் தெரியும். நம்மில் பலர் ரெண்டாவது கேள்வியைக் கேட்டுக்கிட்டே, தன்னை முதல் வகைனு முத்திரை குத்திக்கிறோம்.

1947, மார்ச் 23-ல் பதவியேற்றார். அஞ்சே மாசத்தில் சுதந்திரம். ஆகஸ்ட் 15 அன்று மாகாணத்தின் பிரதமர், காலேஜ் போகாத அந்த விவசாயிதான். அடுத்த ரெண்டு வருஷத்தில் நடந்ததைப் படிச்சப்போ, தயங்கிய ஆளா இவர்னு எனக்கே குழப்பம். எல்லா சாதியினரும் கோயிலுக்குள் போக வழிசெய்யும் ஆலய நுழைவுச் சட்டம், 1947. பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடுவதைத் தடை செய்த தேவதாசி ஒழிப்புச் சட்டமும் அதே வருஷம்தான். முத்துலட்சுமி ரெட்டி 1930-ல் சட்டமன்றத்துக்குக் கொண்டு வந்த விஷயம், 17 வருஷம் கழித்து இவர் ஆட்சியில் முடிந்தது. 1948-ல் ஜமீன் ஒழிப்புச் சட்டம். அதே வருஷம் காந்தி பிறந்தநாளில் மாகாணம் முழுக்க மதுவிலக்கு.

அரசு வேலைக்கான வகுப்புவாரி ஒதுக்கீட்டையும் 1947-ல் மாற்றினார். 14 இடங்களில் 2 இடம் பிற்படுத்தப்பட்ட இந்துக்களுக்குத் தனியாகப் போனது. எதிர்த்தவர்கள் பெரியாரோடு சேர்த்து, தாடி இல்லாத ராமசாமி என்று கிண்டல் செய்தார்கள். இவர் ரமணர் பக்தர், அவர் கடவுள் மறுப்பாளர்! கிண்டலுக்காக உத்தரவு மாறவில்லை. 1949-ல் பாரதியார் எழுத்துகளின் உரிமையை அரசே எடுத்துப் பொதுவில் வைக்கிற முடிவும் இவர் காலத்தில்தான். இன்று யார் வேண்டுமானாலும் பாரதி பாட்டை ரீல்ஸில் போடுகிறோமே, அதற்குப் பின்னால் இவரும் இருக்கார்.

கடைசியில் அவர் பயந்ததுதான் நடந்தது. சிபாரிசுக்கு வளையாதவர் என்பதால் கட்சிக்குள் வருத்தம் சேர்ந்தது. சட்டமன்றக் கட்சித் தலைமை கைவிட்டுப் போனது. 1949, ஏப்ரல் 6-ல் குமாரசாமி ராஜா பொறுப்பேற்றார். ரெண்டு வருஷம், சில நாள். அவ்வளவுதான்.

பதவி போன பிறகு என்ன செய்தார் என்பதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி. வடலூருக்குப் போனார். வள்ளலார் பேரில் குருகுலப் பள்ளியை ஆரம்பித்து, அந்த வேலையில் மூழ்கினார். சொந்தக் கட்சி இறக்கி விட்டதைத் தன் தகுதிக்கான மார்க் ஷீட்டா அவர் எடுத்துக்கிட்டதா தெரியலை. 1970, ஆகஸ்ட் 25-ல் காலமானார். ஓமந்தூரில் மணிமண்டபம் இருக்கு. நான் போன அன்று உள்ளே என்னைத் தவிர யாரும் இல்லை.

ஊரில் இருந்து கிளம்பும் முன் தங்கச்சிகிட்ட இதையெல்லாம் சொன்னேன். எங்க ரோட்டில் இருந்து ஒருத்தர் இங்கிலீஷ் பெருமை இல்லாமலே நாலு மொழி மாகாணத்தை ஆண்டிருக்கார்னு கேட்டதும் சிரிச்சா. அப்புறம், அவருக்கு நிலம் இருந்துச்சே அக்கானு கேட்டா. சரியான கேள்வி. என் இன்டர்வியூ கதையையும் சொன்னேன். அந்த வேலை கிடைக்கலை, அடுத்தது கிடைச்சதுனு சொன்னதைத்தான் ஓமந்தூரார் கதையைவிடக் கவனமா கேட்டா.

நேற்று வாட்ஸ்அப்பில் மெசேஜ். திண்டிவனத்தில் இருந்து தாம்பரத்துக்குக் காலையில் எத்தனை மணிக்கு டிரெயின்னு கேட்டிருக்கா.