முத்துலட்சுமி ரெட்டி

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி (ஜூலை 30, 1886 - ஜூலை 22, 1968) மருத்துவர், சமூக சீர்திருத்தவாதி, பெண்ணுரிமைப் போராளி ஆவார். பிரித்தானிய இந்தியாவில் சட்டமன்ற உறுப்பினரான முதல் பெண்மணியும் இவரே.

பிறப்பும் கல்வியும்

புதுக்கோட்டை சமஸ்தானத்தில் பிறந்தார். தந்தை நாராயணசாமி ஐயர், மகாராஜா கல்லூரி முதல்வர். தாயார் சந்திரம்மாள் தேவதாசி மரபினர். சமஸ்தானக் கோயில்கள் பலவற்றில் இம்மரபு நிலவியது. இலுப்பூருக்கு அருகிலுள்ள விராலிமலை முருகன் கோயில், தேவதாசியர் ஆடிய சதிருக்குப் பெயர் பெற்றது.

ஆண்கள் மட்டுமே பயின்ற மகாராஜா கல்லூரியில் இவரைச் சேர்ப்பதற்கு எதிர்ப்பு எழுந்தது. மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அனுமதி அளித்தார். 1907 இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, 1912 இல் பட்டம் பெற்றார். 1914 இல் மருத்துவர் சுந்தர ரெட்டியை மணந்தார்.

தேவதாசி முறை ஒழிப்பு

1926 இல் சென்னை சட்டமன்றத்துக்கு நியமிக்கப்பட்டு, அதன் துணைத் தலைவராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார். சிறுமியரைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடுவதைத் தடுக்கக் கோரி 1927 இல் தீர்மானம் கொண்டுவந்தார். சத்தியமூர்த்தி இம்முயற்சியை எதிர்த்தார். மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் தேவதாசி முறையை ஒழிக்கத் தீவிரமாகப் பாடுபட்டார். தங்கள் கலையும் வாழ்வுரிமையும் பறிபோகும் என அஞ்சிய தேவதாசியர் பலரும் எதிர்ப்புத் தெரிவித்தனர். பெங்களூர் நாகரத்தினம்மாள் அவர்களுள் ஒருவர்.

தேவதாசியருக்குக் கோயில் ஊழியத்திற்காக மானிய நிலங்கள் வழங்கப்பட்டிருந்தன. ஊழியத்தை விட்டால் நிலத்தையும் இழக்க வேண்டும் என்பது அவர்களைக் கட்டிவைத்திருந்தது. 1929 இல் நிறைவேறிய சட்டத்திருத்தம், ஊழியம் செய்யாமலே நிலத்தை வைத்துக்கொள்ள வழிசெய்தது. பொட்டுக்கட்டுதலை முழுமையாகத் தடைசெய்யும் சட்டம் 1947 இல்தான் நிறைவேறியது. புதுக்கோட்டை தனிச் சமஸ்தானமாக இருந்ததால், சென்னை மாகாணச் சட்டங்கள் இவரது பிறந்த மண்ணை நேரடியாகக் கட்டுப்படுத்தவில்லை. அச்சமஸ்தானம் 1948 இல் இந்தியாவுடன் இணைந்தது.

அவ்வை இல்லம்

காந்தியடிகள் கைது செய்யப்பட்டதைக் கண்டித்து 1930 இல் சட்டமன்றப் பதவியைத் துறந்தார். விடுதிகளில் இடம் மறுக்கப்பட்ட தேவதாசி மரபுச் சிறுமியருக்குத் தம் வீட்டிலேயே அடைக்கலம் தந்தார். இதுவே அவ்வை இல்லமாக வளர்ந்தது. சட்டம் விடுவித்த பெண்களுக்குத் தங்குமிடமும் கல்வியும் வேண்டும் என்பதை இவ்வில்லம் செயலில் காட்டியது.

புற்றுநோய் மருத்துவமனை

இவருடைய தங்கை புற்றுநோயால் இறந்தார். அத்துயரமே அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்கு வித்திட்டது. 1952 இல் ஜவகர்லால் நேரு அடிக்கல் நாட்டினார். 1954 இல் 12 படுக்கைகளுடன் மருத்துவமனை செயல்படத் தொடங்கியது.

சிறப்புகள்

1956 இல் பத்மபூஷண் விருது பெற்றார். தமிழ்நாடு அரசின் மகப்பேறு நிதியுதவித் திட்டம் இவர் பெயரைத் தாங்கியுள்ளது.