கழுத்திலே மஞ்சள் திட்டு

பறவையறிஞர் சலீம் அலி என்றால் தொலைநோக்கியோடு நிற்கும் தாத்தாதான் நினைவுக்கு வருவார். சிறுவயதில் அவர் கையில் இருந்தது குருவி சுடும் துப்பாக்கி!

1896-இல் பம்பாயில் பிறந்தவர். மூன்று வயதிலேயே தாய் தந்தை இருவரையும் இழந்து மாமா வீட்டில் வளர்ந்தார். பத்து வயதிருக்கும், ஒருநாள் சுட்ட குருவியின் கழுத்திலே மஞ்சள் திட்டு. இதென்ன குருவி? மாமாவுக்கும் தெரியவில்லை. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு அனுப்பினார். அங்கிருந்த மில்லார்டு துரை, மஞ்சள் தொண்டைச் சிட்டு என்று சொன்னதோடு நிற்காமல், பாடம் செய்த பறவைகளை இழுப்பறை இழுப்பறையாகத் திறந்து காட்டினார். சின்னப் பயல்தானே என்று விரட்டியிருந்தால்? நல்ல மனிதர்!

பெரிய பட்டம் இல்லாததால் பிற்காலத்தில் வேலைக்குத் திண்டாடியதும் உண்டு. ஆனாலும் விடவில்லையே! 1941-இல் இந்தியப் பறவைகளைப் பற்றி நூல் வெளியிட்டார். 1987-இல் 90 வயதில் மறையும்வரை பறவைகளுக்காகவும் காடுகளுக்காகவும் வாதாடினார்.

தமிழகத்துக் கோடியக்கரையிலே, வலசை வரும் பறவைகளின் காலில் வளையமிட்டு ஆராய்ந்ததும் அவருடைய கழகத்தார்தான். அங்கே வரும் பவளக்காலி, நம் கிராஞ்சிக்குப் பக்கத்துச் சுங்கை பூலோ சதுப்பு நிலத்துக்கும் ஆண்டுதோறும் வருகிறது. சிவந்த கால், சேற்றிலே குத்திக் குத்தி இரை தேடும். போய்ப் பாருங்கள்.