திரும்பா வழி

நார்வே நாட்டில் 1861ஆம் ஆண்டு பிறந்தவர் பிரிட்யோஃப் நான்சன். விலங்கியல் பயின்ற இவர், பனிச்சறுக்கில் தேர்ந்தவர்.

கிரீன்லாந்தின் உட்பகுதி, மலையென உயர்ந்து பரந்த பனிப்பாளம். அதனைக் கடக்க மேற்குக் கரையிலிருந்து சென்றோர் இடைவழியிலேயே திரும்பினர். பின்னால் ஊர்கள் இருந்தமையால் திரும்புதல் அவர்களுக்கு எளிதாயிற்று. நான்சனோ, குடிகள் அரிதான கிழக்குக் கரையைத் தேர்ந்தார். அங்கிருந்து புறப்பட்டால், முன்னேறுவதே உயிர்பிழைக்கும் வழி. இத்திட்டத்தைப் பித்தெனப் பலர் இகழ்ந்தனர்.

1888ஆம் ஆண்டு, பனிநிலம் நன்கறிந்த சாமி இனத்தார் இருவர் உள்ளிட்ட ஐவருடன் அவர் புறப்பட்டார். மிதக்கும் பனிக்கட்டிகள் அவர்களைப் பல நாள் தெற்கே அடித்துச் சென்றன. மீண்டு கரையேறிய அறுவரும், சறுக்குவண்டிகளைத் தாமே இழுத்து, ஏறத்தாழ 2700 மீட்டர் உயரத்தைக் கடந்து, மேற்குக் கரையை அடைந்தனர். ஊர் திரும்பக் கப்பல் இல்லை. குளிர்காலம் முழுவதும் அங்கேயே தங்கிய நான்சன், இனுயிட் மக்களிடம் தோற்படகு செலுத்தக் கற்றார்.

முதல் உலகப்போருக்குப்பின், நாடிழந்த ஏதிலியர்க்காக உழைத்தார். எந்நாடும் தம் குடிகளென ஏற்காத அவர்கள் எல்லை கடக்க உதவிய பயண ஆவணம், நான்சன் கடவுச்சீட்டு என அவர் பெயராலேயே வழங்கிற்று. 1922ஆம் ஆண்டு அமைதிக்கான நோபல் பரிசு பெற்ற அவர், 1930இல் மறைந்தார்.

திரும்பும் வழியைத் தாமே துறந்து வென்றவர், திரும்ப வழியற்றோர்க்கு முன்செல்லும் வழியைத் திறந்தார்.