தாயகம் திரும்பிய பியானோக் கலைஞர்

யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணைப் பாலத்தினூடாகத் தீவகத்துக்குச் செல்பவர்களை எதிர்கொள்ளும் ஊர்களுள் ஒன்று அல்லைப்பிட்டி. 1977ஆம் ஆண்டு இவ்வூரில் மேற்கொள்ளப்பட்ட அகழ்வின்போது, சுமார் ஒன்பது நூற்றாண்டுகளுக்கு முன்னர் கப்பலேறி வந்த சீன மட்பாண்டங்களின் துண்டுகள் வெளிப்பட்டன. 2018இல் ஷங்காய் அருங்காட்சியகத்தின் தொல்லியலாளர்களும் இங்கு வந்து அகழ்ந்தனர். தம் முன்னோர் வனைந்த கலங்களின் உடைந்த ஓட்டையும் கடல் கடந்து தேடிவந்த அந்த அக்கறை பாராட்டுக்குரியது. ஆனால் அதே ஷங்காய் நகரம், தன் மடியிலேயே வளர்ந்த ஒப்பற்ற கலைஞர் ஒருவரைக் காக்கத் தவறியது என்பதும் வரலாறாகும். அவர்தான் பியானோக் கலைஞர் கு ஷெங்யிங்.

1937ஆம் ஆண்டு ஷங்காயில் பிறந்த ஷெங்யிங், சிறு வயதிலேயே பியானோ பயிலத் தொடங்கினார். பதின்ம வயதிலேயே ஷங்காய் சிம்பொனி இசைக்குழுவுடன் மேடையேறி, அதன் தனி வாத்தியக் கலைஞராகவும் இடம்பெற்றார். இவ்வேளையில் குடும்பத்தின் மீது இடி வீழ்ந்தது. 1955இல் அவரது தந்தையார் அரசியல் வழக்கொன்றில் கைதாகிச் சிறையில் அடைக்கப்பட்டார். அன்று முதல் குற்றவாளியின் மகள் என்ற நிழல் ஷெங்யிங்கைத் தொடர்ந்தது.

நிழல் தொடர்ந்த போதிலும் விரல்கள் ஓயவில்லை. 1957இல் மொஸ்கோவில் நடைபெற்ற உலக இளைஞர் விழாவின் பியானோப் போட்டியில் அவர் தங்கப் பதக்கம் வென்றார். மறு ஆண்டு ஜெனீவா சர்வதேச இசைப் போட்டியில், பெண்கள் பிரிவின் உயர் பரிசு அவருக்குக் கிட்டியது. 1964இல் பெல்ஜியத்தின் பிரஸ்ஸல்ஸ் நகரில் நடந்த எலிசபெத் மகாராணி போட்டியிலும் இறுதிச் சுற்றை எட்டினார். போலந்து நாட்டு இசைமேதை சொபினின் ஆக்கங்களை வாசிப்பதில் அவர் தனிப் புகழ் பெற்றிருந்தார். நாடிழந்து, பாரிஸில் வாழ்ந்து, மண்ணுக்குத் திரும்பாமலே 1849இல் மறைந்தவர் சொபின். அந்த ஏக்கத்தைத் தன் விரல்களில் ஏற்றிக்கொண்ட ஷெங்யிங்கோ, ஒவ்வொரு முறையும் தாயகம் திரும்பியவர்.

இங்கு இன்னொருவரையும் நினைவுகூர வேண்டும். அதே ஷங்காயில் 1934இல் பிறந்த ஃபூ சொங், 1955இல் வார்சோவின் சொபின் போட்டியில் மூன்றாம் பரிசு பெற்றவர். போலந்தில் பயின்றுகொண்டிருந்த அவர், 1958இன் இறுதியில் இலண்டனுக்குத் தப்பிச் சென்றார். உலகெங்கும் வாசித்து, 2020இல் முதுமையில் அங்கேயே காலமானார். ஆனால் தாய் தந்தையரை அவரால் மீண்டும் காண முடியவில்லை. புகழ்பெற்ற மொழிபெயர்ப்பாளரான தந்தை ஃபூ லெய்யும் தாயாரும் 1966 செப்டெம்பரில், துன்புறுத்தலைத் தாங்காது உயிர்நீத்தனர்.

அந்த ஆண்டு தொடங்கிய கலாசாரப் புரட்சி, மேலைத்தேய இசையை எதிரியின் இசையாகவே கண்டது. ஷெங்யிங்கின் ஆசிரியர்களுள் ஒருவரான யாங் ஜியாரென்னும் அப்புயலில் மாண்டார். 1967 ஜனவரி இறுதியில், தாம் பணியாற்றிய இசைக்குழுவினரின் முன்னிலையிலேயே ஷெங்யிங் அவமானப்படுத்தப்பட்டார். அன்றிரவே அவரும் தாயாரும் சகோதரரும் ஒன்றாக உயிர் துறந்தனர். அவருக்கு வயது 29. எழுபதுகளின் நடுப்பகுதியில் விடுதலையாகி வீடு திரும்பிய தந்தையை வரவேற்க அங்கே எவரும் இருக்கவில்லை.

வெளியேறியவர் பெற்றோரை இழந்தார். திரும்பியவர் உயிரையே இழந்தார். போவதா, இருப்பதா என்ற கேள்வியை ஒவ்வொரு வீட்டிலும் கேட்டுப் பழகிய நமக்கு இவ்விரு வாழ்க்கைகளின் பாரமும் நன்கு புரியும். இவர்களுள் எவர் எடுத்த முடிவு சரி என்று தீர்ப்புக் கூறுவது நமது நோக்கமன்று. பிள்ளைகளை இத்தகைய தெரிவுக்குள் தள்ளும் அரசியலே குற்றவாளிக் கூண்டில் நிறுத்தப்பட வேண்டியது.

பின்னாளில் ஷெங்யிங் மீதான களங்கம் நீக்கப்பட்டது. எஞ்சிய இசைப் பதிவுகளால் அவர் இன்றும் போற்றப்படுகின்றார். ஆயினும் வாசிக்கப்படாமற்போன இசையை எந்தப் பிரகடனமும் மீட்டுத் தராது. 1981இல் எரிந்த யாழ்ப்பாண நூலகத்தின் கட்டடம் மீள எழுந்தபோதும், எரிந்த ஏடுகள் திரும்பி வரவில்லை என்பதை நாம் அறிவோம்.

மண்ணுள் புதைந்த ஓடுகள் ஒன்பது நூற்றாண்டுகள் பொறுத்திருக்கும். கலைஞரின் உயிர் பொறுத்திராது. கலைஞர்களை அவர்கள் வாழும்போதே காப்பதுதான் ஒரு சமூகம் அவர்களுக்குச் செய்யக்கூடிய உண்மையான மரியாதை.